உப்பு தின்னும் கார்

கனடாவின் ஒன்டாரியோ, கியூபெக் மாகாணங்களில் மேப்பிள் இலை பழுத்து உதிரத் தொடங்கும்போது சிலர் பழைய கார் தேடிக் கிளம்புவார்கள். நல்ல காரைப் போர்வை போர்த்தி ஷெட்டுக்குள் நிறுத்திவிட்டு, நவம்பரிலிருந்து ஏப்ரல்வரை பனியிலும் சகதியிலும் அடிபட ஒரு மலிவு வண்டி வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. புதிதாகக் குடியேறியவர்களுக்கும் மாணவர்களுக்கும் அந்த மலிவு வண்டிதான் இருக்கிற ஒரே வண்டி. அங்கே இதற்கு ‘வின்டர் பீட்டர்’ என்று பெயர். அடிபடுவதற்கென்றே வைத்திருக்கும் வண்டி என்று பொருள். நம் ஊரில் பீட்டர் விடுவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, சொல்லப்போனால் நேர் எதிர். இப்படியொரு காரை வாங்கப் போகிறவர் எடுத்தவுடன் கேட்பது, எஞ்சின் எப்படி இருக்கிறது, எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பதைத்தான். பனிக்காலக் காருக்கு அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. குளிர் காருக்குச் செய்யும் கெடுதல் வேறு. குளிரைச் சமாளிக்க சாலையில் கொட்டும் உப்பு செய்யும் கெடுதல் வேறு. குளிரில் எண்ணெய் கெட்டிப்படும், பேட்டரி சோர்ந்துபோகும், ரப்பர் விறைக்கும். ஆனால் வெயில் வந்தால் எல்லாம் ஏறத்தாழப் பழைய நிலைக்குத் திரும்பும். உப்பில் இரும்பு துருவானால் எந்த வெயிலும் அதை மறுபடி இரும்பாக்காது. பழைய காரைத் தேற்றும் வேலையில் எதில் காசு போடலாம், எதில் போடக் கூடாது என்பது இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் தெளிவாகிவிடும்.

குளிர்தான் காரைத் தின்கிறது என்றால் கனடாவில் மிகவும் குளிரும் ஊர்களின் கார்கள்தான் முதலில் மக்கிப்போக வேண்டும். சஸ்காட்செவனின் ரெஜைனாவில் ஜனவரிச் சராசரி வெப்பநிலை −15 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். டொரொன்டோவில் −4ஐ ஒட்டி. ஆனால் துருவுக்குப் பேர் போனவை ஒன்டாரியோ, கியூபெக், அட்லாண்டிக் கரை மாகாணங்களின் கார்கள். ரெஜைனா பக்கத்துக் கார்கள் அல்ல. காரணம் உப்பின் வேதியியலிலேயே இருக்கிறது. உப்பு கரைந்த நீர் சாதாரண நீரைவிடத் தாழ்ந்த வெப்பநிலையில்தான் உறையும். நூற்றுக்கு 23 பங்கு உப்பு சேர்ந்த கரைசல் −21 டிகிரிவரை தாக்குப்பிடிக்கும். அது ஆய்வுக்கூடக் கணக்கு. சாலையில் −10ஐத் தாண்டியதுமே உப்பு மந்தமாகிவிடும்; பனியை உருக்க நேரமும் அளவும் கூடிக்கொண்டே போகும். அதனால் கடுங்குளிர் ஊர்களில் சக்கரம் பிடித்துக்கொள்ள மணலைத் தூவுவது அதிகம். பூஜ்யத்துக்கு மேலும் கீழுமாக ஊசலாடும் டொரொன்டோ, மான்ட்ரியால் போன்ற ஊர்களில்தான் உப்புக்கு முழு வேலை. கனடா முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 50 லட்சம் டன் உப்பு சாலைகளில் கொட்டப்படுகிறது. அதில் ஒரு பங்கு ஒன்டாரியோவின் கோடரிச் நகரில், ஹியூரான் ஏரிக்கு அடியில் அரை கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில் உள்ள சுரங்கத்திலிருந்து வருகிறது. ஏரிக்கு அடியில் தோண்டிய உப்பு, சாலை வழியாகக் கரைந்து ஏரிக்கே திரும்பிப் போகிறது. நடுவில் கார்கள் அகப்பட்டுக்கொள்கின்றன.

இரும்பு துருப்பிடிக்க ஆக்சிஜனும் நீரும் போதும், உப்பு தேவையில்லை. உப்பு வந்தால் அந்த வேலை பல மடங்கு வேகமாக நடக்கும். துருப்பிடித்தல் என்பது ஒரு குட்டி மின்கலம். தகட்டின் ஓரிடத்தில் இரும்பு அணுக்கள் எலெக்ட்ரான்களை விட்டுவிட்டு நீரில் கரைகின்றன. அந்த எலெக்ட்ரான்கள் தகட்டின் வழியே ஓடி, இன்னோரிடத்தில் ஆக்சிஜனோடு சேர்கின்றன. இந்தச் சுற்று முழுமையாக வேண்டுமானால் நீரின் வழியே அயனிகள் நடமாட வேண்டும். நல்ல தண்ணீரில் அதற்கு வழி குறைவு. உப்பு நீரில் ராஜபாட்டை. போதாததற்கு, உலோகத்தின் மேல் படிந்து காக்கும் மெல்லிய ஆக்சைடு படலத்தையும் குளோரைடு அயனி குத்திக் கிழித்துவிடும். கடுங்குளிருக்கென்று சாதா உப்போடு கால்சியம் குளோரைடு, மக்னீசியம் குளோரைடு கரைசல்களையும் சேர்த்துத் தெளிப்பதுண்டு. மழைக்காலத்தில் நம் வீட்டுக் கல்லுப்பு ஜாடி நீர்விட்டுக்கொள்வதற்குப் பெரும் காரணம் அதில் கலந்திருக்கும் இதே மக்னீசியம் குளோரைடுதான். காற்று தாங்கக்கூடிய ஈரத்தில் மூன்றிலொரு பங்கு இருந்தாலே அது நீரை இழுத்துத் தானே கரைந்துவிடும். ஜாடிக்குள் நடப்பதே காரின் அடிவயிற்றிலும் நடக்கிறது. மேலே வெயில் காய்ந்து சாலை உலர்ந்தபிறகும் கீழே இடுக்குகளில் தகடு நசநசவென்று இருக்கும். டொரொன்டோவின் ஸ்கார்பரோவில் ஈழத்தமிழர் இந்தத் துருவைக் கறள் என்பார்கள்.

துரு கண்ணுக்குத் தெரியும் இடத்தில் தொடங்குவதில்லை என்பதுதான் வாங்குபவரை ஏமாற்றுவது. இன்றைய கார்களுக்கு லாரிக்கு இருப்பதுபோலத் தனிச் சட்டம் கிடையாது. மெல்லிய தகடுகளை மடித்து, பெட்டி பெட்டியாக ஒட்டவைத்த உடம்பேதான் எலும்பும். கதவுக்குக் கீழே முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம்வரை ஓடும் உள்ளீடற்ற விட்டம் அப்படி ஒன்று. உள்ளே நுழையும் நீர் வடிய அதன் அடியில் சிறு ஓட்டைகள் உண்டு. சேறும் இலைச் சருகும் சேர்ந்து அவற்றை அடைத்துவிட்டால் விட்டம் உப்புநீர்த் தொட்டிதான். சேற்றுக்கு அடியில் ஆக்சிஜன் குறைவு. அப்படிக் குறைந்த இடத்தில்தான் இரும்பு கரையும், ஆக்சிஜன் கிடைக்கும் பக்கத்துப் பரப்பு தப்பிக்கும். ஆகவே துரு பரவலாக அரிப்பதைவிட ஒரே புள்ளியில் ஆழமாகக் குழி பறிக்கிறது. துரு, தான் பிறந்த இரும்பைப் போலப் பல மடங்கு இடம் பிடிக்கும். பெயின்டுக்கு அடியில் அது பருத்தால், எண்ணெயில் போட்ட அப்பளம் போல மேற்பரப்பில் கொப்புளம் எழும்பும். அந்தக் கொப்புளம் வெளியே தெரியும்போது உள்ளே வேலை முக்கால்வாசி முடிந்திருக்கும். எனவே இப்படிப்பட்ட காரைப் பார்க்க வேண்டிய விதம், பானட்டைத் திறப்பதற்கு முன்னால் தரையில் சாக்கை விரித்து, டார்ச்சோடு கீழே படுத்துப் பார்ப்பது. ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் விட்டத்தைத் தட்டிக்கொண்டே போனால், நல்ல தகடு டங்கென்று தெளிவாக ஒலிக்கும். அரித்த இடத்தில் ஓசை செத்துவிடும், நனைந்த அட்டையைத் தட்டியதுபோல. ஜாக்கி வைக்கும் இடம், பின் சஸ்பென்ஷன் உடம்போடு சேரும் இடம், சீட் பெல்ட்டின் அடி பூட்டியிருக்கும் இடம் மூன்றையும் தட்டாமல் விடக் கூடாது. காரின் அடியில் ஒரு பகுதி மட்டும் புதிதாகக் கறுப்புப் பூச்சு மினுங்கினால், வேலை எளிதாயிற்று. அங்கேதான் முதலில் தட்ட வேண்டும்.

துருவேறிய தகட்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்யலாமே என்று கேட்கலாம். செய்யலாம், நன்றாகச் செய்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் முக்கால் மில்லிமீட்டர்த் தகடு அரித்துப் பாதியான இடத்தில் வெல்டிங் வைத்தால் ஓட்டை பெரிதாகும்; அரிக்காத உலோகம் தட்டுப்படும்வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். வெல்டிங்கின் வெப்பம் சுற்றியுள்ள துத்தநாகப் பூச்சையும் பெயின்டையும் எரித்து, அடுத்த துருவுக்கு இடம் ஒதுக்கிவிடும். கூலி காரின் விலையைத் தாண்டிவிடும் என்பதால் பெரும்பாலும் நடப்பது பட்டி வைத்து, தேய்த்து, பெயின்ட் அடிப்பது. பட்டிக்குப் பலம் கிடையாது. மோதலில் அந்த விட்டம் தாங்க வேண்டிய பாரத்தைப் பட்டி தாங்காது. ஒன்டாரியோவில் பழைய காரைத் தன் பெயருக்கு மாற்றிச் சாலையில் ஓட்ட வேண்டுமானால் பாதுகாப்புச் சான்றிதழ் வேண்டும். பாரம் தாங்கும் தகட்டில் ஓட்டை இருந்தால் அது கிடைக்காது. அந்தச் சான்றிதழ் 36 நாள்தான் செல்லும் என்பதையும், அது சோதித்த நாளின் நிலையைச் சொல்வதே தவிர வரும் பனிக்காலத்துக்கான உத்தரவாதம் இல்லை என்பதையும் வாங்குபவர் நினைவில் வைக்க வேண்டும்.

உப்பு தின்ற எல்லாமே கைவிட்டுப் போனதாகாது. ஸ்பேனரால் கழற்றி மாட்டக்கூடிய பாகத்தை மாற்றலாம். உடம்போடு சேர்ந்த தகட்டை மாற்றுவதுதான் கட்டுப்படியாகாது. பிரேக் ஆயில் போகும் குழாய் முதல் வகை. அதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்பது நல்லது. குழாயின் வெளி விட்டம் ஐந்து மில்லிமீட்டருக்கும் குறைவு. சுவரின் கனம் முக்கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. இந்த இரும்புக் குழாய் காரின் அடியில், உப்புச் சகதி தெறிக்கும் பாதையில், முன்னிருந்து பின்னுக்கு ஓடுகிறது. காலால் பிரேக்கை ஓங்கி மிதிக்கும்போது காற்றழுத்தத்தைப் போலப் பல பத்து மடங்கு அழுத்தம் அதற்குள் எழும்பும். அரித்த குழாய் வெடிப்பதாக இருந்தால் அந்த வேளை பார்த்துத்தான் வெடிக்கும். அமெரிக்காவில் 1999 முதல் 2003 வரையிலான ஜெனரல் மோட்டார்ஸ் பிக்கப்களிலும் பெரிய வண்டிகளிலும் இப்படிக் குழாய் அரித்த புகார்களை அந்நாட்டின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் விசாரித்தது. சுமார் 50 லட்சம் வண்டிகளைத் தொட்ட அந்த விசாரணை 2015இல் திரும்ப அழைப்பு இல்லாமலே முடிந்தது. அடிப்பாகத்தைக் கழுவுங்கள், அரித்திருந்தால் குழாய்களை முழுத் தொகுதியாக மாற்றுங்கள் என்பது நிர்வாகம் சொன்ன புத்தி. பழைய காரில் இக்குழாய்களைச் செம்பு-நிக்கல் கலவைக் குழாயாக மாற்றிவிட்டால் பிறகு அந்தக் கவலை இல்லை. வால்வோ 1970களிலேயே அதற்கு மாறிவிட்டது. சைலன்சர் ஓட்டையும் இதே வகை, ஆனால் பயப்பட வேண்டியது சத்தத்துக்காக அல்ல. சைலன்சரிலும் ஓட்டை, தரைத் தகட்டிலும் ஓட்டை, குளிருக்காகக் கண்ணாடி எல்லாம் இறுக மூடியிருக்கிறது என்றால், மணமே இல்லாத கார்பன் மோனாக்சைடு ஓட்டுபவரின் காலடி வழியே உள்ளே வரும். பிரேக் குழாயும் சைலன்சரும் சரியாகாமல் அந்தக் கார் சாலைக்கு வரவே கூடாது.

உப்பின் கெடுதலுக்கு முன் குளிர் தரும் தொல்லைகள் சில்லறைக் காரியம். காலையில் செல்ஃப் எடுக்காத கார் பாதி உயிர் போனதுபோலத் தோன்றும், ஆனால் பெரும்பாலும் அது பேட்டரிதான். ஈய-அமில பேட்டரிக்குள் நடப்பதும் வேதிவினையே. குளிரில் அது மந்தமாகும், −18 டிகிரியில் பேட்டரியின் திறன் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். அதே நேரத்தில் எஞ்சின் ஆயில் தேன்போலக் கெட்டியாகி, எஞ்சினைச் சுழற்றக் கூடுதல் பலம் கேட்கும். வரவு குறையும்போது செலவு கூடுகிறது, அவ்வளவுதான். பேட்டரியின் மேல் அச்சடித்திருக்கும் குளிர்த்தொடக்க ஆம்பியர் என்ற எண் இந்த −18 டிகிரியில், 30 விநாடிக்கு எவ்வளவு மின்னோட்டம் தரும் என்பதைக் குறிப்பது. கோடையில் நன்றாக ஸ்டார்ட் ஆகிறது என்பதால் பழைய பேட்டரியை நம்ப முடியாததற்கு அதுவே காரணம். சார்ஜ் இறங்கிய பேட்டரியில் அமிலம் நீர்த்துப்போவதால் −10ஐ எட்டும் முன்பே அது உறைந்து வெடிக்கவும் கூடும். முழு சார்ஜில் இருந்தால் −50லும் உறையாது. ஆயில் டப்பாவில் ‘5டபிள்யூ’, ‘10டபிள்யூ’ என்று போட்டிருப்பதில் அந்த முன் எண்தான் குளிருக்கானது: 10 என்றால் −25லும், 5 என்றால் −30லும், 0 என்றால் −35லும் எஞ்சின் சுழலும் அளவுக்கு ஆயில் இளகியிருக்கும் என்று சோதித்த தரம். இதற்கும் கீழே போகும் ஊர்களில் எஞ்சினுக்குள் சிறு ஹீட்டர் பொருத்தி இரவில் பிளக்கில் செருகிவிடுவார்கள். வடக்கு டகோட்டாவின் கிராண்ட் ஃபோர்க்ஸைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஃப்ரீமன் 1949இல் காப்புரிமை பெற்ற கருவி அது. மேற்குக் கனடாவில் கார் நிறுத்தும் இடங்களிலேயே வரிசையாகப் பிளக் பாயின்ட் இருப்பதைப் பார்க்கலாம். காருக்குள் ஹீட்டர் வேலை செய்யவில்லை என்று மலிவாக விற்கும் வண்டியில் குற்றவாளி பலமுறை திறந்தபடி சிக்கிக்கொண்ட தெர்மோஸ்டாட்தான். கூலன்ட் ஓயாமல் ரேடியேட்டருக்கு ஓடி எஞ்சினைச் சூடேற விடாமல் செய்கிறது. பாகம் மலிவு, வேலை ஒரு முற்பகல். விற்பவர் பெரிய நோய் என்று நினைத்து விலையைக் குறைத்திருந்தால் வாங்குபவர் பாடு கொண்டாட்டம்.

டயரில் மட்டும் கஞ்சத்தனம் ஆகாது. காரின் விலையில் நல்ல பங்கை டயருக்கே கொடுப்பதா என்று தயங்குகிறவர்கள் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் நிற்க எடுக்கும் தூரம் டயருக்கும் சாலைக்கும் உள்ள உராய்வைப் பொறுத்தது. உலர்ந்த சாலையில் உராய்வெண் 0.7 என்றால் 14 மீட்டரில் நிற்கும். பனிக்கட்டிமேல் அது 0.1 என்று வைத்துக்கொண்டால் 98 மீட்டர். நல்ல குளிர்கால டயர் அதை 0.15 ஆக்கினாலும் தூரம் 66 மீட்டராகக் குறைகிறது. மிச்சமாகும் முப்பது மீட்டருக்குள் ஒரு நாற்சந்தியே அடங்கிவிடும். இந்தக் கணக்கில் காரின் எடை வருவதே இல்லை, எத்தனை சக்கரத்துக்கு எஞ்சின் பலம் போகிறது என்பதும் வருவதில்லை. நான்கு சக்கர இழுவை வண்டி கிளம்புவதில் கெட்டி. நிற்பதில் எல்லா வண்டிக்கும் நான்கு சக்கரத்திலும் பிரேக் உண்டு. சாதா டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே விறைக்கத் தொடங்கி, சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களில் பதியாமல் வழுக்கும். குளிர்கால டயரின் கலவை அதைவிட வெகு கீழேயும் குழைவாக இருக்கும். அதன் பட்டன்களில் கத்தியால் கீறியதுபோன்ற நூற்றுக்கணக்கான பிளவுகள் பனியைக் கவ்விக்கொள்ளும். பக்கவாட்டில் மூன்று சிகர மலையும் அதற்குள் பனித்துகளும் பொறித்திருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை இவை சட்டப்படி கட்டாயம். ஒன்டாரியோவில் கட்டாயமில்லை; 2016 முதல் இன்சூரன்ஸ் கம்பெனிகள் இவற்றுக்குத் தள்ளுபடி தந்தாக வேண்டும் என்பதோடு சரி.

பழைய கார் என்றாலே ஆபத்துதானே என்ற கேள்வி நியாயமானது. சறுக்கும் சாலையில் கார் திசைமாறிச் சுழலத் தொடங்கினால் ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியாகப் பிரேக் பிடித்து நிமிர்த்தும் மின்னணுக் கட்டுப்பாடு கனடாவில் 2011 செப்டம்பர் முதல் தயாரான எல்லாக் கார்களிலும் கட்டாயம். அதற்கு முந்தைய கார்களில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பனிக்கென்றே வாங்கும் வண்டியில் இதை விட்டுக்கொடுக்க நியாயமே இல்லை. கிலோமீட்டர் கூடியிருந்தாலும் 2012க்குப் பிந்தையதைத் தேடுவதே புத்தி. இன்னொரு கேள்வி: இன்றைய கார்த் தகடுகளுக்குத் துத்தநாகம் பூசுகிறார்களே, புதுக் காரையே பனியில் ஓட்டினால் என்ன? துத்தநாகம் இரும்பைவிட எளிதில் எலெக்ட்ரானை விடக்கூடியது, ஆகவே தான் முதலில் கரைந்து இரும்பைக் காக்கும். 1980களில் இது பரவிய பிறகு கதவுகளும் சக்கர வளைவுகளும் ஐந்தாறு வருடத்தில் உதிர்ந்த காலம் மலையேறிவிட்டது. நல்ல காரைக் காப்பாற்ற இன்னொரு கார் வேண்டும் என்ற வாதம் இதனால் பலவீனப்படுகிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அதே துத்தநாகம்தான் பதினைந்து வயதுக் காரையும் வாங்கத் தகுந்ததாக வைத்திருக்கிறது. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கனமே உள்ள அந்தப் பூச்சு முழுதும் கரைந்த காரும், இன்னும் மிச்சமிருக்கும் காரும் விளம்பரத்தில் ஒரே ஆண்டு, ஒரே கிலோமீட்டர், ஏறத்தாழ ஒரே விலையில் நிற்கும்.

வாங்கிய பிறகு அந்த மிச்சத்தைக் காப்பதற்குச் செலவு அதிகமில்லை. இலையுதிர் காலத்திலேயே அடிப்பாகத்துக்கும் பெட்டி விட்டங்களின் உள்ளுக்கும் வடிந்து பரவும் எண்ணெயை ஆண்டுக்கொருமுறை தெளிப்பது நல்ல பழக்கம். மடிப்புகளுக்குள் ஊர்ந்துபோய் நீருக்கு இடமில்லாமல் செய்துவிடும், சில நாள் வாசலில் சொட்டும் என்பது மட்டும்தான் தொல்லை. கெட்டியாக உறையும் ரப்பர்ப் பூச்சு பார்வைக்கு அழகு. ஆனால் பழைய காரில் அது விரிசல்விட்டால் உப்புநீரை உள்ளே வைத்து மூடிவிடும். துருவின் மேலேயே பூசினால் துருவுக்கு வீடு கட்டிக்கொடுத்ததாகும். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்தாக வேண்டும் என்பது காருக்கும் பொருந்துகிற பழமொழி. பூஜ்யத்துக்கு மேல் ஏறும் நாளில் மேல் பாகம் அழுக்காகவே கிடந்தாலும் அடிப்பாகத்தைப் பீய்ச்சிக் கழுவிவிட வேண்டும். வேடிக்கை என்னவென்றால், காரின் மேல் உள்ள பாசத்தில் தினமும் சூடேற்றிய ஷெட்டுக்குள் கொண்டுபோய் விடுகிறவரின் கார் சீக்கிரம் துருப்பிடிக்கும். பத்து டிகிரி ஏறினால் வேதிவினையின் வேகம் தோராயமாக இரு மடங்காகும். வெளியே உறைந்து சும்மா கிடந்த உப்புச் சகதி உள்ளே உருகி ராத்திரி முழுக்க வேலை பார்க்கும். கழுவாத கார் வாசலில் குளிரில் நிற்பதே அதற்கு நல்லது.

இத்தனை செய்தும் ஓர் ஆண்டு, டயர் மாற்றும் நாளில் ஜாக்கியைச் சுழற்ற, கார் மேலே எழும்பாமல் ஜாக்கியின் தலை மட்டும் மொறமொறவென்று தகட்டுக்குள் ஏறும். எஞ்சின் அன்றும் ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆகும், ஹீட்டர் சூடாக ஊதும். அவற்றைப் பார்த்து இன்னும் ஒரு பனிக்காலம் தள்ளலாமே என்று தோன்றும், தோன்றவிடக் கூடாது. தனி டிஸ்க்கில் பூட்டியிருக்கும் நான்கு டயரையும் கழற்றி, அதே அளவு பொருந்தும் அடுத்த காருக்கு எடுத்து வைக்கலாம். போன வருடம் வாங்கிய பேட்டரியையும் கழற்றிக்கொள்ளலாம். மீதியைப் பழைய இரும்புக்காரர் எடைக்கு எடுத்துக்கொள்வார்.